நெடுக்கில் தளர்ச்சி, குறுக்கில் இறுக்கம்

10 வாட் டயோடு, 450 நானோமீட்டர் நீல ஒளி, 400 மி.மீ. சதுர மேடை. பெட்டியில் அச்சடித்திருப்பது இதுதான். மீதியை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். கொரட்டூரில் எங்கள் மொட்டைமாடி அறையில் சில மாதங்களாக இந்த லேசர் கட்டர் ஓடுகிறது. 3 மி.மீ. பிளைவுட்டைச் சுத்தமாக வெட்டுகிறது, பெல்ட் இதுவரை நழுவவில்லை. புகைக்கு மட்டும் ஜன்னல் வழியாக ஒரு குழாய் விட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் துணி காயப்போட மாட்டார்கள். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. அது கோர்வைப் புதிர் செய்கிறவன் கண்ணில்தான் படும்.

நான் வெட்டுவது ஆறு தட்டுக் கனசதுரம். ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு விளிம்பிலும் பற்கள். பல்லோடு பல் கோத்தால் பசை இல்லாமலே பெட்டியாக நிற்க வேண்டும். லேசர் போகிற வழியில் மரம் கொஞ்சம் எரிந்து காணாமல் போகும். அந்த அகலத்துக்குப் பட்டறைகளில் கெர்ஃப் என்று பெயர். அதில் பாதி அளவு கோட்டுக்கு வெளியே தள்ளி வெட்டினால் பல் சரியான அளவில் வரும். லைட்பர்ன் மென்பொருளில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. (அந்த மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.)

ஆனால் அந்த இடத்தில் ஓர் எண்தான் போட முடியும். இந்த எந்திரத்துக்கு இரண்டு எண் வேண்டும். டயோடு சில்லில் ஒளி புறப்படுகிற வாயே ஒரு மெல்லிய கீற்று. லென்ஸ் எவ்வளவு குவித்தாலும் பலகையில் விழுவது வட்டமல்ல, நீள்சதுரம். பத்துச் சதுரங்களை வெட்டி, வரிசையாகச் சேர்த்து வைத்து, வெர்னியரால் அளந்து, குறைந்ததைப் பத்தால் வகுத்தேன். நெடுக்குக் கோட்டில் கெர்ஃப் 0.18 மி.மீ., குறுக்குக் கோட்டில் 0.11. வித்தியாசம் ஒரு தலைமுடி தடிமன்தான். ஆனால் மேல்விளிம்போடு மேல்விளிம்பைக் கோத்தால் லொடலொட, பக்கவிளிம்போடு பக்கவிளிம்பைக் கோத்தால் சுத்தியல் தேட வேண்டும். எந்த விளிம்பு எந்தத் திசையில் வெட்டுப்பட்டது என்பதை இறுக்கமே காட்டிக்கொடுக்கிறது. விவரமான பிள்ளை விரலால் ஆட்டிப் பார்த்தே பாதி விடையைக் கண்டுவிடும். கையேட்டில் இதைப் பற்றி மூச்சே இல்லை. விற்றவரைக் கேட்டால், "ஃபோகஸ் செக் பண்ணுங்க சார்."

பிளைவுட்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. 3 மி.மீ. என்று வாங்கிய ஷீட் ஓரிடத்தில் 2.7, இன்னோரிடத்தில் 3.1 இருக்கும், உண்மைதான். அதனால் பல் கொஞ்சம் துருத்தும் அல்லது உள்ளே போகும், அவ்வளவே. துருத்தினால் உப்புத்தாள் போதும். பிடிப்பை முடிவு செய்வது பல்லின் அகலம், பலகையின் தடிமன் அல்ல.

வழி ஒன்று உண்டு: முழுப் படத்தையும் 45 பாகை சாய்த்து வெட்டுவது. எல்லாக் கோடும் அந்த நீள்சதுரத்தை ஒரே கோணலில் கடப்பதால் கெர்ஃப் நான்கு பக்கமும் ஒன்றாகிவிடும். ஓர் எண் போதும். பல் 'டக்'கென்று உட்காருகிறது. அதற்கு விலையாக ஷீட்டின் நான்கு மூலையும் முக்கோணத் துண்டுகளாக வீணாகும்.

ஜிக்சாவுக்கு இந்த வித்தை பலிக்காது. அதன் குமிழ்கள் எல்லாத் திசையிலும் வளைகின்றன. 1960களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் கண்ணாடிக் குழாய் லேசரில் ஜாப் ஒர்க் செய்துதருவார்கள்; அந்தக் கதிர் ஏறக்குறைய வட்டம், இந்தத் தலைவலி கிடையாது. வளைவு வேலையை அங்கேயே கொடுத்துவிடுகிறேன். நிமிடக் கணக்கில் காசு, வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் யாரோ ஒருவரின் கல்யாணப் பெயர்ப்பலகை.