மருந்தும் மக்களும்

ஒரு மருந்து நோயைத் தீர்க்கும் என்று சொல்வது எளிது. தீர்த்ததா என்று அறிவதே அரிது. கொள்ளைநோய் பரவும்போது அச்சமுற்ற மக்கள் முன்னதையே கேட்கிறார்கள். ஆள்வோரும் வணிகரும் முன்னதையே வழங்குகிறார்கள். பின்னதைக் கேட்கும் கடமை கற்றோருக்கு உண்டு. புத்தளம் மாவட்டக் கரையில் கடலை நம்பி வாழும் கரைத்தீவு மக்களை மனத்தில் இருத்தி, கொரோனா நோய்க்குப் பழைய மருந்துகள் சோதிக்கப்பட்ட வரலாற்றை நாம் இங்கு ஆராய்வோம்.

புதிய மருந்தொன்றை ஆக்கப் பல ஆண்டுகள் வேண்டும். ஆதலால் வேறு நோய்களுக்கு வழங்கிவந்த மருந்துகளை எடுத்துச் சோதிக்க முற்பட்டது அறிவுடைமையே. சோதனை முடியுமுன் தீர்ப்புக் கூறியதே குற்றம். மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோக்வினை 2020 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி வானளாவப் புகழ்ந்தார். அதே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வைத்தியசாலை ஊழியர்கள் அதை முற்காப்பாக உட்கொள்ளலாம் என்றது. மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அதையே நம்பி வாழ்ந்த மூட்டுவாத நோயாளர் பல நாடுகளில் அல்லலுற்றனர்.

அவ்வேளையில் பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவை, ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் தலைமையில், சுமார் 175 வைத்தியசாலைகளில் ‘ரிக்கவரி’ என்னும் சோதனையை நடத்தியது. அதன் முறை எளியது. யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 28 நாட்களின் பின் இரு சாராரிலும் இறந்தோர் கணக்கிடப்பட்டனர். ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் பெற்றவர்களில் 100க்கு 27 பேரும், பெறாதவர்களில் 25 பேரும் இறந்திருந்தனர். ஜனாதிபதியின் புகழுரை எண்களின் முன் நிற்கவில்லை.

மாறாக, 1950களில் ஆக்கப்பட்ட மலிவான டெக்ஸாமெதஸோன் வென்றது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில், அம்மருந்தின்றி 100க்கு 41 பேர் இறந்த இடத்தில், அதைப் பெற்றோரில் 29 பேரே இறந்தனர். ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளருக்கு அது பயன் தரவில்லை. ஆகவே, ‘நல்ல மருந்து’ என்ற சொல் மட்டும் போதாது. யாருக்கு, எந்த நிலையில் நல்லது என்பதையும் சோதனையே சொல்ல வேண்டும்.

‘குலுக்கலில் மனித உயிரை வைப்பதா?’ என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஏழைகளை ஏமாற்றிச் சோதனைப் பொருளாக்கிய கொடுமைகள் மருத்துவ சரித்திரத்தில் உண்டு. நோயாளிக்கு அவனது மொழியில் விளக்கி, அவன் மனமுவந்து இசைந்தாலன்றிச் சோதனை கூடாது. ஆனால் சோதிக்கப்படாத மருந்தை ஊர் முழுவதற்கும் ஊட்டுவதும் ஒரு சோதனைதான். அதில் இசைவும் இல்லை, கணக்கும் இல்லை. இறந்தவர் எண்ணிக்கையில்கூட இடம்பெறுவதில்லை.

நமது நாட்டின் அனுபவத்தையே பாருங்கள். 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலைப் பகுதி மிகுதியும் பாதிக்கப்பட்டது. கொயினாவின் பயன் எல்லோரும் அறிந்ததே. அதை மக்களிடம் சேர்ப்பிக்கக் குடியேற்ற அரசு தவறியது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா போன்ற இடதுசாரிகள் ஊரூராகச் சென்று நிவாரணப் பணி புரிந்தனர். 2020 டிசம்பரில் அதே கேகாலையில், தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்று கொரோனாவைத் தீர்க்கும் என்ற பேச்சை நம்பி ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். சுகாதார அமைச்சரே அதை அருந்திக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியாயிற்று. அன்று அறிந்த மருந்து மக்களிடம் வரவில்லை. பின்னர் அறியாத மருந்தைத் தேடி மக்கள் ஓடினர். இரண்டிலும் கைவிடப்பட்டவர் ஒருவரே.

மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிக் கைகழுவுவதை நாம் ஏற்கமாட்டோம். பண்டிதப் பத்திரிகைகளும் சறுக்கின. 96,000 நோயாளரின் தரவு எனச் சொல்லி ‘லான்செட்’ இதழ் 2020 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரை, தரவைச் சரிபார்க்க இயலாததால் இரண்டு வாரங்களுக்குள் மீளப்பெறப்பட்டது. அத்தரவு ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. பொது வைத்தியசாலைகளின் கணக்கோ எவரும் கேட்டறியத்தக்கது. அறிவும் பொதுவுடைமையாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

செல்வந்தன் தவறான மருந்தை உண்டால் வேறு வைத்தியரை நாடுவான். கரைத்தீவுக் கடற்றொழிலாளி மருந்துக்குச் செலவிடும் பணம் ஒருநாள் அடுப்பெரியும் பணம். அவனுக்குத் தவறான மருந்து இருமுறை நட்டம். ஆகவே சோதிக்கப்பட்ட மருந்து அவனுக்கே முதலில் தேவை. அது மலிவாகவும் கிடைக்க வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழியே வகுத்துக் காட்டிய பாதை அதுவே: தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, வணிகப் பெயருக்கு விலை கொடுக்காமல், மக்களுக்கு வழங்குதல்.

இலவச வைத்தியசாலைகள் பரந்துள்ள நமது நாட்டில், அவற்றை இணைத்துத் தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்கு விளக்கிச் சோதனைகள் நடத்த முடியும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் அதைக் கோருவோம். வகுப்பறையில் ஆசிரியர் ‘எப்படித் தெரியும்?’ என்று மாணவனைக் கேட்கட்டும். மாணவன் அந்தக் கேள்வியை அமைச்சரிடமும் மருந்து விற்பவரிடமும் கேட்கட்டும்.