ஒரு விரற்கடை தள்ளி

கிட்டார் ஆம்ப்பின் முகத்துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சும்மா பார்த்தால் தெரியாது. டார்ச்சைச் சாய்த்து அடிக்க வேண்டும். 12 அங்குலக் கூம்பும் அதன் நடுவே குமிழாக நிற்கும் மூடியும் மங்கலாகத் தெரியும். மூடி முடிந்து கூம்பு தொடங்கும் விளிம்புக்கு நேராகத் துணியில் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். என் மைக் அங்கேதான் போய் நிற்கும்.

அநேகமாக அது ஷ்யூர் எஸ்.எம். 57. 1965இல் வந்த மைக். அமெரிக்க அதிபர்கள் உரையாற்றும் மேசையில் நாம் பார்த்துப் பழகியதும் இதுதான். தாளில் பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அடிச்சுரத்தில் சரியும், 6,000 பக்கத்தில் ஒரு மேடு. ஆனால் கிட்டார் ஸ்பீக்கரே 5,000ஐத் தாண்டினால் மளமளவென்று இறங்கிவிடுகிற ஜாதி. அது பேசாத உயரத்தை மைக் கேட்காவிட்டால் என்ன நஷ்டம்? அடிச்சுரத்துக்கும் வழி இருக்கிறது. இந்த வகை மைக்கை ஒலிக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக அடிச்சுரம் தானாகப் பருக்கும். துணியைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் நாதத்துக்கு உடம்பு வந்துவிடும். அந்த மேடோ, ஸ்பீக்கர் தளர்கிற இடத்தில் தோள் கொடுக்கிறது. டிரம்ஸும் கீபோர்டும் குரலும் முட்டிமோதும் நெரிசலில், பிக் கம்பியில் படும் அந்தச் சின்ன 'டிக்' கடைசி வரிசைவரை போய்ச் சேர்வது அதனால்தான். இவ்வளவு பொருத்தமான ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேறு மைக்குகளும் உண்டு. சென்ஹைசர் இ 609 தட்டையானது. ஸ்டாண்ட் இல்லாமல் கேபிளிலேயே ஆம்ப்பின் முகத்தில் தொங்கவிடலாம், இடம் குறைந்த மேடையில் பெரிய உபகாரம். ஆனால் யாராவது கேபிளை மிதித்தால் மைக் திரும்பிக்கொள்ளும். ராயர் ஆர் 121 வேறு உலகம். உள்ளே மயிரிழையைவிட மெல்லிய அலுமினிய ரிப்பன். கிட்டாரின் கரகரப்பெல்லாம் அதில் பழுத்து இனிமையாகிவிடும். ஸ்டூடியோவில் கண்மூடிக் கேட்பேன். மேடையில் அதன் முதுகுக்கும் காது உண்டு என்பதுதான் சிக்கல், சிம்பல் சத்தம் முழுக்க உள்ளே வந்துவிடும். 57இன் முதுகு ஏறக்குறையச் செவிடு. ஆம்ப்பைக் கொஞ்சம் டிரம்ஸ் பக்கம் திருப்பி வைத்தால் அந்த முதுகே தடுப்புச்சுவர்.

மைக்கைத் தேர்ந்தெடுத்தாலும் இடம் தேர்வது மிச்சமிருக்கிறது. மூடியின் நட்டநடுவில் வைத்தால் தகரத்தில் ஆணி கீறும். கூம்பின் வெளியோரத்துக்குப் போனால் கம்பளி போர்த்திய குரல்.

ஒருநாள் சவுண்ட் செக்கில் ஒரு பையன் ஆம்ப்பில் டிரெபிளைக் குறைத்துக்கொண்டே இருந்தான். கூச்சல் போகவில்லை, கிட்டாரின் உயிர்தான் போனது. ஏறிப்போய் மைக்கை வெளிப்பக்கமாக நகர்த்திவிட்டு, டிரெபிளைப் பழைய இடத்துக்கே ஏற்றச் சொன்னேன். ஒரு கார்டு அடித்தான். மானிட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணே, மைக்க மாத்திட்டீங்களா?"

"இல்ல தம்பி. ஒரு விரக்கடை தள்ளி வச்சேன்."

இன்னொரு முறை அடித்தான். அந்தக் கார்டு அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.