நீளம் வேறு, நிதானம் வேறு

“நம் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது.” சிங்கப்பூர்த் தமிழ் வட்டாரத்தில் சீனத் தொடர்களைப் பற்றிப் பேச்செழுந்தால் கடைசியில் வந்து நிற்பது இந்த வாக்கியம்தான். தேக்கா உணவங்காடியில் தேநீரோடு பேசினாலும் சரி, ஊடகக் கருத்தரங்கில் ஒலிவாங்கியோடு பேசினாலும் சரி, வாதம் ஒன்றே. சீனர்கள் ஒரு காதலை நாற்பது பகுதிக்கு ஆற அமரச் சொல்கிறார்கள். இருவரும் மனம் திறக்கவே பாதித் தொடர் ஓடிவிடுகிறது. அதையும் உலகம் உட்கார்ந்து பார்க்கிறது. தமிழனுக்கு அது சரிப்படாது, அவனுக்கு அறையும் அழுகையும் வேண்டுமாம்.

‘கோலங்கள்’ அபிக்கு அடுத்து என்ன துன்பம் வரப்போகிறது என்று 2003 முதல் 2009 வரை, 1,500க்கும் மேற்பட்ட இரவுகள், சோற்றுத் தட்டோடு காத்திருந்த மக்களைப் பார்த்தா இப்படிச் சொல்வது? இத்தனை பெரிய தவத்தை அந்த நாற்பது பகுதிச் சீனத் தொடர்கள் தம் பார்வையாளரிடம் கேட்டதில்லை. நம்மிடம் பொறுமை தேவைக்கு மேலேயே இருந்தது. அந்தப் பொறுமைக்கு ஈடாக நமக்குக் கிடைத்தது நீளம். நிதானம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணும் குழப்பத்தில்தான் இந்த நாகரிகக் கூற்று பிழைத்துக்கொண்டிருக்கிறது.

சின்னத்திரைக் காதலின் முன்கதையை வேகமாகக் கடந்துவிடலாம். 1963 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. அதற்கு முன்பே வானொலியில் ந. பழநிவேலு தமிழ் நாடகத்துக்கு அடித்தளம் போட்டிருந்தார். பின்னால் வந்த ‘புதுமைதாசன்’ பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’, கம்பத்திலிருந்து வீவக வீட்டுக்கு மாறிய தமிழ்க் குடும்ப வாழ்க்கையையே கதைக்களமாக்கியது. அதை ‘நகைச்சுவை’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். உள்ளூர் மண்ணில், உள்ளூர்க் கவலைகளோடு தொடர் எழுதமுடியும் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. சீன மொழிப் பக்கம் 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து ஆள் வரவழைத்து நாடகப் பிரிவைக் கட்டினார்கள். 1984இல் குடியேறிகளின் கதையான ‘தி அவேக்கனிங்’ வந்தது. 1979இல் தொடங்கிய மாண்டரின் இயக்கத்துக்குப் பிறகு, கேன்டனீஸ் பேசிய ஹாங்காங் தொடர்கள் இங்கே மாண்டரின் குரலில் காதலித்தன. தைவானிலிருந்து சியோங் யாவின் கதைகள் வந்தன. 2024இல் மறைந்த அந்த அம்மையாரின் பாத்திரங்கள் அழுத அழுகைக்கு நம் ‘சித்தி’கூட ஈடாகாது.

2001இல் தைவானின் ‘மீட்டியோர் கார்டன்’ வந்து ஆசியாவையே ஆட்டிவைத்தது. பணக்காரத் திமிர் பிடித்த பையன், ஏழை வீட்டுப் பெண். அவன் அவளைத் துன்புறுத்துவான், அவள் எதிர்த்து நிற்பாள், அதுவே காதலாகும். எதிரெதிர்த் துருவங்கள் ஈர்க்கும் என்ற பழைய சூத்திரத்தின் மிக இரைச்சலான வடிவம் அது. நமக்கு அது புதிதல்ல. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) முதல் ‘மன்னன்’ (1992) வரை தமிழ்த் திரை அதே சூத்திரத்தை இன்னும் மோசமாகக் கையாண்டிருக்கிறது. அங்கே துருவங்கள் ஈர்ப்பதில்லை. ஒரு துருவம் மற்றதை அடக்குகிறது. படித்தவள், பணக்காரி, வாயாடி கடைசியில் தலைகுனிந்து அடுப்படிக்குப் போனால் சுபம். இன்று இரவு ஏழு மணிக்குச் சென்னைச் சானலைத் திருப்பினாலும் அந்தக் கோபக்காரக் கோடீஸ்வரன் இருக்கிறான். கார் மட்டும் மாறியிருக்கிறது.

சீனத் தொடர்கள் மாறிய இடம் இதுதான். நான் பேச விரும்பும் காலம் 2023லிருந்து தொடங்குகிறது.

அவ்வாண்டு ஜனவரியில் வந்த ‘மீட் யுவர்செல்ஃப்’ நாற்பது பகுதிகள் கொண்டது. பெய்ஜிங்கின் பெரிய ஹோட்டல் ஒன்றில் முன்னலுவலக மேலாளராக இருக்கும் ஹொங்தோ (லியு யீஃபெய்) தன் உயிர்த் தோழியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கிறாள். இருவரும் சேர்ந்து போகலாம் என்று பேசிப் பேசி நேரமில்லாமல் விட்ட ஊர், யுன்னான் மாநிலத்தின் டாலி. வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு கிராமத்து முற்றத்து வீட்டில் வாடகைக்குத் தங்குகிறாள். பெய்ஜிங்கில் நல்ல சம்பளத்தைத் துறந்து ஊருக்கே திரும்பிய ஜியாவ் (லீ ஷியன்) அங்கே இருக்கிறான். அவள் ஓடி ஓடிக் களைத்து நின்றுவிட்டவள். அவன் ஊரையே நகர்த்தப் பார்ப்பவன். சாதியோ பணமோ அவர்களைப் பிரிக்கவில்லை. வேகம்தான் பிரிக்கிறது. ஒருவர் நடைக்கு மற்றவர் நடை பழகுவதே கதை.

2024இன் ‘வில் லவ் இன் ஸ்பிரிங்’ இன்னும் துணிச்சலானது. நாயகன் இறந்தவர்களின் முகத்தைச் சீர்செய்து கடைசிப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்தும் தொழிலாளி. நாயகி ஷாங்ஹாயில் மருத்துவப் பொருள் விற்பவள், ஒரு கால் செயற்கைக் கால். இந்த இருவரையும் வைத்து ஒரு காதல் கதை என்றால் நம் தயாரிப்பாளர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து போயிருப்பார்கள், அல்லது முதல் பகுதியிலேயே பின்னணி இசையால் நம்மை மூழ்கடித்திருப்பார்கள். அந்தத் தொடர் அவள் காலுக்காக அழவும் இல்லை, அவன் தொழிலுக்காக முகம் சுளிக்கவும் இல்லை. இரண்டையும் வேலைநாளின் பகுதியாக வைத்துக்கொண்டு 21 பகுதிகளில் முடித்துக்கொண்டது.

2025இல் வந்த ‘தி பெஸ்ட் திங்’ தொடரை இந்த வகையின் மிக நேர்த்தியான பயிற்சி என்பேன். தலைவலியும் தூக்கமின்மையுமாக அலையும் ஹோட்டல் மேலாளர் ஒருத்தி, பாரம்பரிய சீன மருத்துவம் பார்க்கும் இளம் வைத்தியனிடம் போகிறாள். அவன் அவள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கிறான். இந்த ஒரு செய்கையைக் கவனியுங்கள். அது தொடுகைதான், ஆனால் காதலன் தொடும் தொடுகை அல்ல. அந்த விரல்களுக்குத் தொழில் இருக்கிறது, முறை இருக்கிறது, எவ்வளவு அழுத்துவது என்ற அளவு இருக்கிறது. அவளோ யாரும் தன்னிடம் இவ்வளவு நேரம் எதையும் கேட்காமல் உட்கார்ந்ததில்லை என்று தோன்றும்படி இருக்கிறாள். வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் நாடி பிடிக்கும் சித்த வைத்தியரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமே இல்லை. அந்தக் கையைக் காதல் காட்சியில் வைக்கலாம் என்று நமக்குத்தான் தோன்றவில்லை.

மனத்தை ஆற்றும் கதை என்ற வகையைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. 1995இல் கோபே நிலநடுக்கமும் தோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதலும் அடுத்தடுத்து வந்தபின், ஜப்பானில் ஆறுதல் தரும் படக்கதைகளும் இசையும் சந்தையாகவே பெருகின. சீனாவில் அதற்கு வேறு காரணம். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற தொழில்நுட்ப நிறுவனங்களின் வேலைமுறையைச் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் 2021இல் சொல்லவேண்டி வந்தது. அந்தக் களைப்பிலிருந்து வந்தவர்கள் இந்தத் தொடர்களின் நாயகிகள். அதனால்தான் வேலையால் வந்த காயத்தை வேலையே ஆற்றுகிறது. டாலியில் மரம் செதுக்குகிறார்கள், துணியை முடிந்து சாயத்தில் நனைக்கிறார்கள், பூத்தையல் போடுகிறார்கள். நாயகி மற்றவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெளிகிறாள். காதல் பிறகு வருகிறது.

இதைப் பொறுமையின் விளைவு என்று சொல்பவர்கள் ஒரு சாதாரண நிர்வாக உண்மையைப் பார்ப்பதில்லை. 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு ஆணையம் ஒரு தொடர் 40 பகுதிகளைத் தாண்டக்கூடாது, 30க்குள் முடிவதே நல்லது என்று அறிவித்தது. அந்த அரசின் தணிக்கையை நான் போற்றவில்லை. அதே கை 2002இல் ‘மீட்டியோர் கார்ட’னையும் நிறுத்தியது. ஆனால் இந்த எல்லைக்கோடு எழுத்தாளனுக்கு ஒரு வரம் கொடுத்தது. கடைசிப் பகுதி எது என்று தெரிந்தவனால்தான் பன்னிரண்டாம் பகுதியில் ஒரு பார்வையை வைத்துவிட்டு, முப்பத்தொன்றாம் பகுதியில் அதற்குக் கணக்குத் தீர்க்கமுடியும். எப்போது முடியும் என்று தெரியாதவனால் எதையும் ஒத்திவைக்க முடியாது. டிஆர்பி சரிந்தால் திங்கட்கிழமை யாராவது விஷம் குடிக்கவேண்டும். ஆயிரம் பகுதித் தொடர் ஒன்று உண்மையில் மிக அவசரமான வடிவம்.

இந்தச் சீனத் தொடர்கள்மீது நியாயமான புகார்கள் உண்டு. ‘மீட் யுவர்செல்ஃப்’ பாதி காதல் கதை, பாதி சுற்றுலா விளம்பரம். ஒளிபரப்புக்குப் பின் டாலிக்குக் கூட்டம் அலைமோதியது. கிராமப் புத்தெழுச்சி என்ற அரசுக் கொள்கை திரைக்கதையின் ஓரங்களில் அடிக்கடி எட்டிப்பார்க்கிறது. அந்தக் கிராமத்தில் யார் வீட்டு வாசலிலும் கடன்காரன் நிற்பதில்லை. மழைகூட அழகாகவே பெய்கிறது. இவற்றை அப்படியே நகலெடுத்தால் நமக்குக் கிடைப்பது ஏலகிரி விடுதி ஒன்றின் விளம்பரப் படம்தான். எடுத்துக்கொள்ளவேண்டியது அளவையும் தொழிலையும். நிலப்பரப்பை அங்கேயே விட்டுவிடலாம்.

“நம்மிடம் ‘மௌன ராகம்’ இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. 1986இலேயே, இறந்த காதலனின் நினைவோடு வந்த மனைவிக்காகப் பேசாமல் காத்திருந்த கணவனை மணிரத்னம் காட்டிவிட்டார். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் பாபு காத்த காத்திருப்புக்கு முன் எந்தச் சீன நாயகனும் சின்னப் பையன்தான். ஆனால் ஒன்று திரைப்படம், மற்றது நாவல். தொடர் என்ற வடிவத்திலும் நமக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. தூர்தர்ஷன் பதின்மூன்று வாரக் கணக்கில் இடம் கொடுத்த நாட்களில் கே. பாலசந்தர் ‘ரயில் சினேகம்’ எடுத்தார். முடியும் என்று தெரிந்தே தொடங்கிய கதைகள் அவை. செயற்கைக்கோள் சானல்கள் வந்து அந்த எல்லையை உடைத்தன. நாம் அதை விடுதலை என்று கொண்டாடினோம்.

சிங்கப்பூர் அந்த விடுதலையில் முழுதாகச் சிக்காமல் தப்பிய இடம். 2008 அக்டோபரில் தனிச் சானலான வசந்தம், உள்ளூர்த் தொடர்களை எண்ணி அளந்த பகுதிகளாகத்தான் எடுக்கிறது. 2010இல் தொடங்கிய ‘வேட்டை’ பல பருவங்கள் ஓடியது. அதில் பாத்திரங்களுக்குக் காவல் பணி என்ற உருப்படியான வேலை இருந்தது. சீன மொழிப் பக்கத்திலும் சான்று இருக்கிறது. 2008இன் ‘த லிட்டில் நோன்யா’ 34 பகுதிகளில் ஒரு பெரனாக்கான் வீட்டுச் சமையலறையை அடிமைத்தனமாகவும் அடையாளமாகவும் ஒருசேரக் காட்டியது. அம்மி, கத்தி, பலகாரம் எல்லாம் கதை சொல்லின. சீனா அதை 2020இல் தனக்காக மறுபடி எடுத்துக்கொண்டது. நிதானம் அங்கிருந்து இறக்குமதியாகிறது என்று பேசுபவர்கள் இந்தப் பயணத்தின் திசையைக் கவனிக்கவேண்டும். சீனத் தளமான ஐச்சியி தன் அனைத்துலகத் தலைமையகத்துக்கு இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தது. சந்தை பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது.

பிறகு எங்கே தடுக்கிறது? அளவு கையிலிருந்தும் நம் எழுத்தாளர்கள் சென்னையின் பதற்றத்தை இருபது பகுதிக்குள் திணிக்கிறார்கள். ஆயிரம் பகுதிக்கான சொத்துத் தகராறு, மறைந்த உயில், விபத்தில் போன நினைவு எல்லாம் மூச்சுமுட்ட ஓடுகின்றன. நாயகன் ‘ஆபீஸ்’ போகிறான்; அங்கே என்ன செய்கிறான் என்று எவருக்கும் தெரியாது. எதிரெதிர்த் துருவம் வேண்டுமென்றால் உடனே கலப்புத் திருமணம், இரண்டு வீட்டுக் கூச்சல். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோவிலுக்குப் போன சீனப் பாட்டி, அடுத்த வாசலில் கிருஷ்ணன் கோவிலிலும் ஊதுவத்தி காட்டிவிட்டுப் போகும் ஊர் இது. இங்கே வேறுபாடு அன்றாடம்; அதைச் சண்டையாக மட்டுமே எழுதுவது சோம்பேறித்தனம்.

பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் விடியுமுன் மாலை கட்டத் தொடங்கும் ஒருவனும், கேகே மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வீடு திரும்பும் தாதி ஒருத்தியும் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்க வருகிறார்கள் என்று வையுங்கள். அவனுக்கு நாள் தொடங்குகிறது, அவளுக்கு முடிகிறது. அவன் கையில் நார் இழுத்த தழும்பு, அவள் கையில் கிருமிநாசினியால் வறண்ட தோல். வில்லன் தேவையில்லை, நேர அட்டவணையே போதுமான எதிரி. இருபது பகுதிக்குத் தாராளமாகக் காணும். இதற்கு வேண்டியது பூத்தொடுக்கும் முறையையும் இரவுப்பணி ஒப்படைப்பையும் போய்ப் பார்த்து எழுத ஓர் எழுத்தாளர். அவர் பார்த்து எழுதும் மாதங்களுக்குச் சம்பளம்.

கடைசியில் விஷயம் அங்கேதான் வந்து நிற்கிறது. வசந்தத்துக்கு வருவது பெருமளவு பொதுப் பணம்; விளம்பரதாரர் மிரட்டல் சென்னையைப் போல் இல்லை. அந்தப் பணத்தில் கதைச் சுருக்கத்தை வாங்கிக்கொண்டு படப்பிடிப்புக்கு ஓடுவதை நிறுத்தி, கடைசிப் பகுதிவரை எழுதி முடித்த பிரதியைக் கேட்கட்டும். அதற்கான கூலியைத் தனி வரியாக ஒதுக்கட்டும். ஒரே ஒரு தொடருக்கு இதைச் செய்து பார்த்துவிட்டு, அதன்பிறகும் ஆள் பார்க்கவில்லை என்றால் தமிழனின் பொறுமையைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தட்டும். நானும் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன்.