முறுக்கினால் முக்கும் மூன்று சக்கரம்

ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் மட்டை சுமக்கும் பழைய சரக்கு ஆட்டோ அது. 150 சிசிக்குள் அடங்கும் இரு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். தார் ரோட்டுக்கு அது வருவதில்லை. வாய்க்கால் கரையும் செம்மண் தடமும்தான் அதன் ராஜ்யம். ஐடிலில் சீராகத் துடிக்கிறது. வெறும் வண்டியாகச் சமதரையில் ஓடவும் செய்கிறது. லோடு ஏற்றி, கரை ஏற ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினால் போச்சு: சத்தம் அமுங்கி, பெருமூச்சு விட்டு நின்றுவிடுகிறது. “வண்டி முக்குதுங்” என்று கோவை ஒர்க்‌ஷாப்களில் சொல்வது இதைத்தான்.

இந்த நோய்க்கு நாடு கிடையாது. ஹோண்டா 1970-ல் அமெரிக்காவில் இறக்கிய மூன்று சக்கர மணல் வண்டியான யுஎஸ்90-க்கு 89 சிசி இன்ஜின். அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஓடியது. 1981-ல் இரு ஸ்ட்ரோக் ஏடிசி 250ஆர் வந்தது. விபத்துகள் பெருகியதால் 1988-ல் மூன்று சக்கர மாடல்களின் விற்பனை அங்கே நின்றுபோனது. மிச்சமிருக்கும் கிழட்டு வண்டிகளும் தூசியில் ஓடினால் இப்படித்தான் முக்கும்.

முக்கியதும் பலரும் கை வைப்பது கார்பரேட்டரில். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தி, துளையைப் பெரிதாக்கி, இல்லாத வியாதியையும் வரவழைத்துவிடுவார்கள். அதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. முக்கும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுக்க வேண்டும். இன்ஜின் தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை: ஜெட்டில் அடைப்பு இருக்கலாம், டேப்பில் குப்பை இருக்கலாம், எங்காவது காற்றுக் கசிவும் இருக்கலாம். இன்னும் மோசமானால் காற்று போதவில்லை. பிளக்கும் இதையே சொல்லும். வெளுத்திருந்தால் பெட்ரோல் பஞ்சம், கரி படிந்திருந்தால் காற்றுப் பஞ்சம், காப்பிப் பொடி நிறமென்றால் சரி.

இந்த வண்டியில் சோக்கை இழுத்ததும் இன்ஜின் அணைந்தது. பிளக் கருகருவென்று இருந்தது. பொள்ளாச்சி வட்டாரத்தில் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நார் மில்களைச் சுற்றிப் பறக்கும் நார்த்தூள் ஏர் ஃபில்டரில் போர்வையாகப் படிந்துவிடும். பேப்பர் ஃபில்டரானால் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூள் இன்னும் உள்ளே போய் உட்காரும். ஸ்பாஞ்ச் ஃபில்டரானால் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டவேண்டும்.

ஃபில்டரைச் சுத்தம் செய்ததும் பாதி குணம். மீதி சைலன்சரில் இருந்தது. இரு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால், வருடக்கணக்கில் கரி கட்டிப் புகை போகும் வழி சுருங்கிவிடுகிறது. உள்ளே இழுத்ததை வெளியே விடமுடியாத இன்ஜின் ஐடிலில் சமாளிக்கும், முறுக்கினால் திணறும். கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டியபின் வண்டி அதே கரையை அதே லோடோடு முதல் கியரில் ஏறியது. கார்பரேட்டரைத் தொடவே இல்லை.

எல்லா வண்டிக்கும் இதே வைத்தியம் செல்லாது. சிறிது தூரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் உயிர் பெற்றால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூப்களையும் கெடுக்கும். மாதக்கணக்கில் தோப்பில் நிற்கும் வண்டிக்குப் பழைய பெட்ரோலை வடித்துவிடுவதே நல்லது.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை, சுமார் 3,500 அடி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே சரியாக ஓடிய வண்டியும் மேலே கொஞ்சம் முக்கத்தான் செய்யும். அங்கேயே வேலை செய்யும் எஸ்டேட் வண்டிக்கு ஒரு நம்பர் சிறிய மெயின் ஜெட் போடலாம். அதே ஜெட்டோடு பொள்ளாச்சி வெயிலில் விரட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும்.

இப்படிப்பட்ட வண்டியை இன்று வாங்கலாமா? தோப்பு வேலைக்கு மட்டும் என்றால் வாங்கலாம். உடைத்த வண்டிகளின் உதிரிபாகத்தை நம்பித்தான் காலம் தள்ளவேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பயப்பட வேண்டியது கிராங்க் ஆயில் சீலுக்குத்தான். கியர் பக்கத்துச் சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலைக் குடித்து வெண்புகை கக்கும். அதை மாற்ற இன்ஜினைப் பிளக்கவேண்டும். கியர் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி மறுபடியும் பார்த்தபிறகு விலை பேசலாம்.