நட்டைக் கழற்றும் கை

பழைய மாருதி 800-க்கு வேறு ஸ்டீயரிங் மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் தெரிந்த கை அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நடுவில் உள்ள ஹார்ன் மூடியை நெம்பினால் உள்ளே ஒற்றை நட்டு. நல்ல மெக்கானிக் அதை முழுதாகக் கழற்றமாட்டார். இரண்டு மரை மிச்சம் வைத்து, ஸ்டீயரிங்கை இரு கையாலும் மாறி மாறி அசைத்து இழுப்பார். வருஷக்கணக்கில் ஸ்டீயரிங் தண்டின் பல்லில் இறுகிக் கிடந்தது சட்டென்று விடுபடும்போது முகத்தில் அடிக்காமல் அந்த நட்டு தடுத்துவிடும். என்ன அழகான முன்யோசனை!

அடுத்து பாஸ் கிட்: தண்டின் பல்லையும் புது ஸ்டீயரிங்கையும் இணைக்கும் உருளை. ஆறு போல்ட். மோமோ கம்பெனி ஸ்டீயரிங்குக்கு போல்ட் வட்டம் 70 மி.மீ., நார்டி கம்பெனியுடையதற்கு 74. பொருந்தவில்லை என்று ஓட்டையை ராவிப் பெரிதாக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. உயிர் அந்த ஆறு போல்ட்டில்தான் இருக்கிறது. திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டரைத் தட்டி அணைக்கும் காதும் அதன் இடத்தில் உட்கார வேண்டும்.

350 மி.மீ. ஸ்டீயரிங், பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் நிறுத்தும்போது தோளைச் சோதிக்கும். ஓடத் தொடங்கியதும் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் தோலுறை வழியே உள்ளங்கைக்கு வருகிறது. அதற்காக அந்தக் கனத்தைச் சந்தோஷமாகத் தாங்கலாம். ஏர்பேக் உள்ள காரில் மட்டும் ஸ்டீயரிங்கை மாற்றச் சம்மதிக்கமாட்டேன்.