ரெடிமேட் தீமும் நம்ம ஊர்க் கடையும்

உடையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவரோ, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி வியாபாரியோ, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களை நம்பி விடுதி வைத்திருப்பவரோ வெப்சைட் வேண்டும் என்று கிளம்பினால், போய் நிற்கும் இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறிய டிசைன் கடைதான். அங்கே வேலை நடக்கும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஒரு ரெடிமேட் தீமை, அதாவது முன்பே செய்துவைத்த பக்க வடிவமைப்பை, ஏற்றுவார்கள். லோகோவை மாற்றுவார்கள், நிறத்தை மாற்றுவார்கள், கடையின் பெயரைப் போடுவார்கள். ஒரு வாரத்தில் தளம் தயார்.

இந்த முறையை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வரியையும் கையால் எழுதுவதுதான் தொழில் சுத்தம் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெடிமேட் தீமைப் பயன்படுத்துவது குற்றமே அல்ல. வேறொரு உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பிரித்துத் தைக்காமல் தமிழுக்கு மாட்டிவிடுவதுதான் குற்றம்.

முதலில் இந்த ரெடிமேட் முறையின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இன்று உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் தாங்கி நிற்கிறது. திறந்த மூலம் என்பதால் உரிமத்துக்குக் காசில்லை. இதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. தளத்தைச் செய்தவர் ஊரை விட்டுப் போனாலும் ஜெயங்கொண்டத்திலோ அரியலூரிலோ இன்னொருவர் உட்கார்ந்து திறந்து பார்த்து வேலையைத் தொடரலாம். கையால் எழுதிய தளத்தில் அந்த வசதி அரிது. எழுதியவர் போனால் அதைத் தொட ஆள் இருக்காது. புடவை விலை ஏறினால் கடைக்காரரே செல்போனில் உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம். நல்ல தீம் என்றால் பல ஆயிரம் பேர் கையில் பட்டுத் தேறியிருக்கும். சின்னத் திரையில் மெனு எப்படி மடங்க வேண்டும் என்ற தலைவலி நமக்கு வராது. ஒரு நெசவாளியின் பட்ஜெட்டில் இதற்கு மாற்று இல்லை.

இனி குறைகள். இவை கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியவை.

தீமின் மாதிரிப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் ‘இது நல்லா இருக்கு’ என்கிறார். தமிழ் பிறகுதான் வருகிறது. தீம்களில் அடிக்கடி காணப்படும் எழுத்துரு பாப்பின்ஸ். அது இந்தியாவில் உருவான எழுத்துருதான், தேவநாகரியும் ஆங்கிலமும் அதில் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே தமிழ் வரிகளுக்குப் போனோ கணினியோ தன்னிடம் உள்ள எழுத்தைப் போட்டுக்கொள்கிறது: ஆண்ட்ராய்டில் ஒன்று, விண்டோஸில் நிர்மலா. ஆங்கிலத் தலைப்பு ஒரு முகமாகவும் தமிழ் வரி வேறு முகமாகவும் நிற்கும். தமிழுக்கு ஒரு பயனும் இல்லாத பாப்பின்ஸின் நாலைந்து தடிமன்களைப் பார்வையாளரின் டேட்டாவில் இறக்குவது தனி வீண். தீர்வு ஐந்து நிமிட வேலை. முக்த மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த காட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஒன்றைத் தேர்ந்து, இரண்டே தடிமன் ஏற்றினால் போதும்.

அடுத்தது, தட்டச்சு செய்வதுபோல் எழுத்து எழுத்தாகத் தோன்றும் தலைப்பு. தீம்காரர்களுக்கு இதில் தனிப் பிரியம். ‘உடையார்பாளையம்’ என்பது நமக்கு எட்டு எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் பதினான்கு குறிகள். ஐகாரக் குறியும் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய நிரல் அந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. முதலில் ‘ட’ வரும், பிறகு அது ‘டை’ ஆகும். ‘ர’ வரும், பிறகு புள்ளி பெற்று ‘ர்’ ஆகும். குறிகளைத் தனித்தனிப் பெட்டியில் போடும் நிரலாக இருந்தால் இன்னும் மோசம்: ஐகாரக் குறி மெய்யை விட்டுப் பிரிந்து, புள்ளிவட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கும். ஊர்ப்பெயரே உடைந்து தெரியும் பக்கத்தை யாரும் நம்பிப் படிப்பதில்லை. இந்த அசைவை அணைத்துவிடுவதே சரி.

தலைப்பின் அளவும் இப்படித்தான். ஆங்கிலத்தில் நாலு சின்னச் சொற்கள் உட்காரும் இடத்தில் ‘கங்கைகொண்டசோழபுரம்’ ஒரே சொல்லாக வந்து திரைக்கு வெளியே நீட்டிக்கொள்கிறது. வரி இடைவெளி எழுத்தின் ஒன்றேகால் மடங்கு என்று வைத்திருப்பார்கள். தமிழில் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் இடித்துக்கொள்ளும். பத்திகளுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வைத்தால்தான் கண் ஓடும். இரு ஓரமும் நேராக நிற்கும்படி இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் செல்போன் அகலத்தில் நடுநடுவே பள்ளம் விழும்.

இதெல்லாம் நுணுக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. தமிழ் இணையத்தின் தொடக்க நாட்களில் உழைத்தவர்களின் கவனம் முழுக்க இங்கேதான் இருந்தது. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்து உமர்தம்பி (2006இல் மறைந்தார்) தேனீ என்ற யூனிகோட் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். தன் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாதவரும் பக்கத்தைத் திறந்ததும் படிக்க வேண்டும் என்பதற்காக இயங்கு எழுத்துருவையும் செய்துகொடுத்தார். வாசகர் கண்ணுக்குத் தமிழ் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்கள் குறி. இன்று கருவிகள் எல்லாம் இருந்தும் அந்தக் குறியைத் தவற விடுகிறோம்.

சிறிய ஊர்களுக்கே உரிய இன்னொரு பழக்கம், ஃப்ளெக்ஸ் கடையில் செய்த போஸ்டரை அப்படியே தளத்தின் முகப்பில் மாட்டுவது. பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த விஷயத்தை எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும் என்பதால், படமாகவே போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து கூகுளுக்கு எழுத்தாகக் கிடைப்பதில்லை. பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. பெரிய எழுத்தில் இருந்தாலும் போஸ்டரில் உள்ள கடையின் போன் நம்பரைத் தொட்டால் கால் போகாது. கடைக்குத் தளம் போடுவதே அந்த ஒரு காலுக்காகத்தானே? பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிழை பார்த்து எழுத்தாகவே போடுங்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் தளத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றுவதையும் மறக்காதீர்கள். அங்கே ஆங்கிலம் என்றே இருந்தால் வாசித்துச் சொல்லும் செயலி எந்தக் குரலை எடுப்பது என்று தடுமாறும்.

தீம் செய்யும் இன்னொரு கேட்டை வடிவமைப்பாளர்கள் கவனிப்பதே இல்லை. நாம் சொல்லாததை அது நம் வாயில் வைத்துப் பேசுகிறது. ‘எங்கள் தொலைநோக்கு’, ‘எங்கள் குழு’, ஓடி ஏறும் எண்ணில் ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று காலிக் கட்டங்கள் இருக்கின்றன, அவற்றை நிரப்ப ஆள் தேட வேண்டியிருக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் கோட் போட்டுச் சிரிக்கும் வெளிநாட்டுக்காரர் நெசவாளியின் பக்கத்தில் வந்து நிற்கிறார். வாங்க வருகிறவர் கேட்பதோ வேறு. புடவை எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்ததா, அசல் ஜரிகையா, சில்க் மார்க் உண்டா, கைத்தறியா விசைத்தறியா? இதற்குக் கட்டம் தீமில் கிடையாது. ஆகையால் தீமைத் திறப்பதற்கு முன்பு கடைக்காரரோடு உட்கார்ந்து, வாடிக்கையாளர் போனில் கேட்கும் கேள்விகளை எழுதி வாங்குவதே முதல் வேலை. அந்தப் பதில்கள்தான் பக்கம். மிச்சக் கட்டங்களைத் தயங்காமல் நீக்கலாம்.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை: போனில் எடுத்த நாலைந்து எம்பி போட்டோவை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் நூறு, இருநூறு கேபிக்குள் அடங்கும்.

மன்னிக்க முடியாத குறை என்றால் அது திருட்டுத் தீம். காசு கொடுத்து வாங்க வேண்டியதை எங்கிருந்தோ ஓசியில் இறக்கி ஏற்றுவது. பூட்டை உடைத்தவன் பின்வாசலையும் திறந்து வைத்துவிட்டுத்தான் தருகிறான். சில மாதங்களில் கடைப் பெயரைக் கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் போலிச் சரக்குப் பக்கங்கள் வரிசையாக வரலாம். உலகம் முழுக்க நடக்கும் மோசடி இது. தளத்தைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால் கடைக்காரருக்கு விவரமே தெரியாது. வாடிக்கையாளர் கண்ணில்தான் முதலில் படும்.

கடைசியாக, டொமைன். அதை டிசைன் கடை தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்துகொள்வது சகஜம். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கடைக்காரருக்கு மெயில் இருக்காது, ஓடிபி சொல்லத் தயங்குவார், சீக்கிரம் முடிக்க வேண்டும். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் கடைக்காரருக்கு வருவதே இல்லை. டிசைன் கடை மூடினாலோ, மனஸ்தாபம் வந்தாலோ, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் கெடு தாண்டும். கெடுவும் அவகாசமும் முடிந்தபின் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம். பைகளிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி வேறொருவர் பக்கத்தைத் திறக்கும். எனவே கடைசித் தவணையைக் கொடுக்கும் அன்று கடைக்காரர் நாலு விஷயங்களைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்: தன் பெயரில், தன் மெயிலில் உள்ள டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல், வேர்ட்பிரஸ்ஸில் அட்மின் உரிமை, தளம் முழுவதன் ஒரு நகல். தருகிறேன் என்று சொல்லும் டிசைன் கடைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.