சிக்கன வீட்டுக் கணினி: ரைசன் 5 5600ஜி அடிப்படையிலான கட்டமைப்பு பற்றிய மதிப்பாய்வு

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை, தில்லி நேரு பிளேஸ் ஆகிய கணினிச் சந்தைகளிலும் இணைய அங்காடிகளிலும் ‘ஐ7 கணினி’ என்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பல வேளைகளில் உள்ளே இருப்பது 2011 ஜனவரியில் வெளிவந்த ஐ7-2600 செயலியோ அதற்கடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒன்றோதான். அச்செயலியில் நான்கு கருக்களும் எட்டு இழைகளும் உள்ளன. கரு என்பது தனித்துக் கணக்கிடும் அலகு, இழை என்பது அந்த அலகு ஏற்றுக்கொள்ளும் பணிவரிசை. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100 இன்டெல்லின் கீழ்ப்படியில் நிற்கும் செயலியே என்றாலும், அதிலும் இதே நான்கு கருக்களும் எட்டு இழைகளும் இருப்பதோடு, ஒவ்வொரு கருவும் பழையதைக் காட்டிலும் மிக விரைவாக இயங்குகிறது. பழையதன் மின் அளவு 95 வாட், புதியதன் அடிப்படை அளவு 60 வாட். விண்டோஸ் 11 இயங்குதளம் புதியதை ஏற்கிறது, பழையதை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே 3, 5, 7 என்னும் எண்கள் ஒரு தலைமுறைக்குள் உள்ள படிநிலையை மட்டுமே காட்டுவன என்பதும், தலைமுறை எது என்று தெரியாதவரை அவற்றைக் கொண்டு விலையை மதிப்பிட முடியாது என்பதும் சிக்கனமாகக் கணினி கட்ட விரும்புவோர் முதலில் அறிய வேண்டியவை. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண்ணைவிட, பெட்டியின் ஓரத்தில் சிறிதாக அச்சிடப்படும் எண்ணிலும், பெட்டியில் அச்சிடப்படாமலே போகும் எண்ணிலும்தான் ஒரு கணினியின் தரம் உள்ளது. இம்மதிப்பாய்வு அத்தகைய எண்களையே பின்தொடர்கிறது.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கட்டமைப்பின் மையம் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 2021-இல் சில்லறை விற்பனைக்கு வந்த இச்செயலியில் ஆறு கருக்களும் பன்னிரண்டு இழைகளும் இருப்பதோடு, ஏழு கணிப்பலகுகள் கொண்ட வேகா வரைகலைப் பகுதியும் உள்ளடங்கியிருப்பதால், தனியாக கிராபிக்ஸ் அட்டை வாங்காமலே திரையை நேரடியாகத் தாய்ப்பலகையில் இணைத்துவிட முடிகிறது. படிப்பு, அலுவலகப் பணி, நிரல் எழுதுதல், புகைப்படத் திருத்தம் ஆகியவற்றுக்கு இதன் ஆற்றல் தாராளமானது. வேலரன்ட் போன்ற இலகுவான போட்டி விளையாட்டுகளை முழு உயர்தெளிவுத் திரையில் குறைந்த அமைப்புகளுடன் சீராக இயக்குகிறது. அண்மைக்காலப் பெரிய விளையாட்டுகளுக்கு மட்டும் தெளிவை நன்றாகக் குறைத்தாக வேண்டும். இதில் ஒரு குறையும் உண்டு: இதன் வரைகலைப் பகுதிக்கு ஏவி1 என்னும் புதிய காணொளிக் குறிமுறையைத் தானே விரித்துக் காட்டும் திறன் இல்லாததால், அந்தச் சுமையைக் கருக்கள் ஏற்க வேண்டியுள்ளது. ஆறு கருக்களுக்கு அது பெரிய சுமை அல்ல என்றாலும், காணொளி பார்ப்பதும் இணையத்தில் உலவுவதுமே முதன்மைப் பயன் என்று கருதும் குடும்பத்துக்கு, அத்திறன் உள்ளமைந்த ஐ3-12100 செயலியே பொருத்தமானது என்று தயக்கமின்றிக் கூறலாம். அதே செயலி ‘எஃப்’ என்ற எழுத்துடன் முடியும் பெயரில் விற்கப்பட்டால் வரைகலைப் பகுதியே அதில் செயல்படாது. ஓர் எழுத்தைக் கவனியாமல் வாங்கியவர், தனி அட்டை ஒன்று கையில் இல்லாதவரை கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

இக்கட்டமைப்பின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது செயலியன்று, நினைவகம். வழக்கில் ராம் என்று சொல்லப்படுவது. தனி கிராபிக்ஸ் அட்டைக்கு அதற்கென்றே சொந்த நினைவகம் இருக்க, செயலிக்குள் அடங்கிய வரைகலைப் பகுதியோ கணினியின் பொது நினைவகத்தையே கடன்பெற்று இயங்குவதால், நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அதன் வேகமும். டிடிஆர்4 வகையில் 3200 என்று குறிக்கப்படும் ஒரு ராம் துண்டு நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரவைக் கடத்தும். இரண்டு துண்டுகளை இரு தனித் தடங்களில் பொருத்தினால் அது 51.2 ஜிகாபைட் ஆகிறது. ஆகவே 16 ஜிபி துண்டு ஒன்றை வாங்குவதற்கும் 8 ஜிபி துண்டுகள் இரண்டை வாங்குவதற்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும், விளையாட்டுகளில் தெரியும் வேறுபாடு மிகப் பெரியது. ‘இப்போது ஒன்று போதும், பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்’ என்று கடைகளில் சொல்லப்படும் அறிவுரை மற்றக் கணினிகளுக்குப் பொருந்தலாம், இச்செயலிக்குப் பொருந்தாது. நான்கு இடங்கள் கொண்ட தாய்ப்பலகையில் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் துண்டுகளைச் செருக வேண்டும் என்பதும், முதல் இரண்டு இடங்களிலோ கடைசி இரண்டு இடங்களிலோ அருகருகே செருகினால் பெரும்பாலான பலகைகளில் இரண்டும் ஒரே தடத்தில் விழுந்துவிடும் என்பதும் கவனத்திற்குரியவை.

துண்டுகளைச் சரியாகச் செருகிய பின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. 3200 என்று உறையில் எழுதப்பட்ட பல ராம் துண்டுகள், கணினியை முதன்முறை இயக்கும்போது 2400 அல்லது 2666 என்ற தற்காப்பு வேகத்திலேயே ஓடுகின்றன. தாய்ப்பலகையின் அடிப்படை நிரலான பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கிய பிறகே உறையில் எழுதப்பட்ட வேகம் கிடைக்கிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் இப்போது ஓடும் வேகம் தெரியும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஒரு முறைகூடப் பயன்படுத்தாமலே பல கணினிகள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. கட்டித் தரும் கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பெறுவது வாங்குவோரின் உரிமை.

நினைவகம் பற்றிய இந்த அழுத்தத்துக்குக் காலமும் ஒரு காரணம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும் தேவையால் 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும் ஏஎம்5 என்னும் செயலி இருக்கை கொண்ட தாய்ப்பலகைகள் வருங்காலத்துக்கு ஏற்றவை என்பது உண்மையாயினும், கையில் பழைய டிடிஆர்4 துண்டுகள் இருப்பவருக்கு அவற்றை அப்படியே ஏற்பதும் 5600ஜி பொருந்துவதுமான ஏஎம்4 இருக்கை இன்றும் பொருளாதார நோக்கில் நியாயமான தேர்வாக நிற்கிறது.

தாய்ப்பலகையைப் பொறுத்தவரை ஏ520, பி550 என்ற இரு வகைகளுக்கிடையே தேர்வு அமைகிறது. பி550 பலகை பிசிஐஇ 4.0 என்னும் விரைவுப் பாதையைத் தருகிறது என்பது விளம்பரத்தின் முதல் வரி. ஆனால் 5600ஜி செயலியே பிசிஐஇ 3.0 வரைதான் தருவதால், இந்த இணைப்பில் அந்த வரிக்குக் கொடுக்கும் காசுக்குப் பயன் கிடைப்பதில்லை. நான்கு ராம் இடங்களும் வலுவான மின்னழுத்தச் சீராக்கிப் பகுதியும் தேவைப்படுவோர் பி550-ஐ அந்தக் காரணங்களுக்காக வாங்கலாம். மற்றவர்களுக்கு நல்ல ஏ520 பலகையே போதும்.

பொருத்தும் பணியில் ஏஎம்4 இருக்கை சற்றுப் பொறுமை கேட்கிறது. இவ்வகையில் 1331 ஊசிகளும் செயலியின் அடிப்பக்கத்திலேயே இருப்பதால், முக்கோணக் குறிகளை ஒத்துப்பார்த்துத் தானாக அமரும்படி விட வேண்டும். அழுத்தினால் ஊசி வளையும். உடன்வரும் ரெய்த் ஸ்டெல்த் குளிர்விப்பானைத் திருகும் முன், பலகையில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ள இரு நெகிழித் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். பின்னொரு நாளில் அதைக் கழற்றும்போது, இறுகிய வெப்பப் பசையால் செயலியும் இருக்கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது இவ்விருக்கையின் அறியப்பட்ட இடர். கணினியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றிய பின், மின் இணைப்பைத் துண்டித்து, மெல்லத் திருகிக் கழற்றுவதே பாதுகாப்பு. இக்குளிர்விப்பான் அன்றாடப் பணிகளில் அமைதியாகவும் முழுச் சுமையில் கேட்கும்படியாகவும் சுழல்கிறது. அறையே 35 பாகையைத் தாண்டும் தமிழகக் கோடையில் முன்புறம் முழுதும் கண்ணாடியால் மூடிய கேபினட்டைத் தவிர்த்து, வலை முகப்புள்ள கேபினட்டைத் தேர்ந்தால் தனிக் குளிர்விப்பானுக்குச் செலவிட வேண்டியதில்லை. அந்த வலையில் படியும் தூசியை அவ்வப்போது துடைத்தால் போதும்.

கிராபிக்ஸ் அட்டை விஷயத்தில் சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் வீண்செலவு மிகுதி. ஜிடி 710, ஜிடி 730 போன்ற 2014-ஆம் ஆண்டு அட்டைகள் இன்றும் புதிய பெட்டிகளில் விற்கப்படுகின்றன. 5600ஜி-யின் உள்ளடங்கிய வேகா அவற்றைவிடத் திறன் மிக்கது என்பதால், அவற்றைச் சேர்ப்பது கணினியைப் பின்னுக்கு இழுப்பதாகும். 2022-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டை புதியது, ஆனால் நான்கே பிசிஐஇ தடங்கள் வழியாகச் செயலியுடன் பேசுவதால், பிசிஐஇ 3.0 மட்டுமே தரும் இச்செயலியோடு சேரும்போது அதன் வேகம் சரிகிறது. எட்டுத் தடங்களும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட ஆர்எக்ஸ் 6600 இவ்வகையில் நம்பத்தக்கது. பழைய பொருள் வாங்குவோர் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரு வேறு அட்டைகள் உலவுவதை அறிந்திருக்க வேண்டும்: முதல் வகையில் ஸ்ட்ரீம் பிராசசர் எனப்படும் சிறு கணிப்பான்கள் 2304 உள்ளன, 2048எஸ்பி என்ற பின்னொட்டுடன் வந்த வகையில் 2048 மட்டுமே. ஓராண்டுக்குள் தனி அட்டை வாங்குவது உறுதி என்றால் 5600ஜி-யையே தவிர்த்து, 32 எம்பி இடைநினைவகமும் (கேஷ்) பிசிஐஇ 4.0 பாதையும் கொண்ட ரைசன் 5 5600 செயலியை வாங்குவதே அறிவுடைமை. 5600ஜி-யில் அந்த இடைநினைவகம் பாதி அளவே உள்ளது.

குறைக்கவே கூடாத செலவு எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்குரிய குறைமின்னழுத்தமாக மாற்றித் தரும் மின்வழங்கி. கேபினட்டோடு இலவசமாக வரும் மின்வழங்கியின் மீது 450 வாட் என்று எழுதியிருக்கலாம். ஆனால் இன்றைய செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் பெரும்பகுதி மின்சாரத்தை 12 வோல்ட் தடத்திலிருந்தே எடுப்பதால், ஒட்டுத்தாளில் அத்தடத்துக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்க வேண்டும். 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்தான், பெயரில் என்ன எழுதியிருந்தாலும். 80 பிளஸ் என்னும் முத்திரை மின்மாற்றத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சான்றளிக்கிறது. மிகைமின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து காக்கும் ஏற்பாடுகள் உண்டா என்பதைத் தனியே படித்தறிய வேண்டும். மின்வழங்கி பழுதாகும்போது தான் மட்டும் போகாமல் தாய்ப்பலகையையும் சேமிப்பகத்தையும் உடன் கொண்டுபோகக்கூடும் என்பதே இந்த வற்புறுத்தலின் அடிப்படை. மின்வெட்டு உள்ள ஊர்களில் 600 விஏ யுபிஎஸ் இக்கணினிக்குப் போதுமானது. வழக்கமாக 360 வாட் தரும் அதன் எல்லைக்குள், 88 வாட் வரை மட்டுமே இழுக்கும் இச்செயலியும் ஒரு திரையும் எளிதில் அடங்கிவிடுகின்றன.

திரையைத் தேர்வதில் தமிழ் படிப்போருக்கென்று ஒரு கருத்துண்டு. முழு உயர்தெளிவான 1920க்கு 1080 புள்ளிகளை 24 அங்குலத் திரை அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகளாகவும், 27 அங்குலத் திரை 82 புள்ளிகளாகவும் பரப்புகிறது. ணூ, ஞு, ழூ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகள் பின்னதில் சிறு அளவில் மசங்கித் தோன்றுவதால், நாள்தோறும் தமிழில் படித்து எழுதுபவருக்கு 24 அங்குலமோ அதனினும் சிறியதோதான் கண்ணுக்கு இதமானது. விசைப்பலகைக்கு மிகுந்த செலவு தேவையில்லை. தமிழ்99 அமைப்பு எந்த ஆங்கில விசைப்பலகையிலும் இயங்கும்.

புதிதாகக் கட்ட வசதியில்லாமல் பழைய கணினியையே தேற்ற நினைப்போர் எண்ணிக்கை, 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்த பின் கூடியிருக்கக்கூடும். அவர்களுக்கு ஏற்றது, சுழலும் வன்தட்டை அகற்றிவிட்டு சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, மின்ட் அல்லது சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது. வன்தட்டு நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்க, சாட்டா எஸ்எஸ்டி 550 வரை படிக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பன்மடங்கு. பின்னாளில் புதுக் கணினி கட்டும்போது அதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். பழைய டிடிஆர்3 ராம் துண்டுக்கு அந்த வாய்ப்பில்லை. டிடிஆர்4 இடத்தில் அது நுழையாது, ஆகவே நான்கு ஜிபியை எட்டாக்குவதற்கு மேல் அதில் செலவிட வேண்டியதில்லை.